ஆலயத்திலிருந்து இல்லத்திற்கு: பயன்படுத்திய டிஜிட்டல் ஆர்கனும் நாஞ்சில் நாட்டுத் திருச்சபை இசை வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

திருச்சபைப் பயன்பாட்டிலிருந்து விலகிய டிஜிட்டல் ஆர்கன் ஒன்றை வீட்டில் நிறுவுவது தனிமனித விருப்பம் சார்ந்த செயலாகவே பார்க்கப்படுகிறது. அதனை இசைக்கருவி வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்குநிலையாகக் கொண்டு, குழாய் ஆர்கன், காலால் மிதிக்கும் ஆர்மோனியம், கைத்துருத்தி ஆர்மோனியம், மின் ஆர்கன், டிஜிட்டல் ஆர்கன் என்னும் வரிசை தமிழ்க் கிறித்தவ இசையோடு கொண்ட உறவை இது ஆராய்கிறது. நிலையான சுருதியுடைய கருவிக்கும், பாடுவோரின் குரலுக்கேற்ப ஆதாரசட்சம் இடம்மாறும் தமிழிசை மரபுக்கும் இடையிலான முரண் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதே மையக் கேள்வி. பயன்படுத்திய கருவி இடம்பெயரும் தருணத்தை வரலாற்று ஆவணமாக்கும் தருணமாகக் கொள்ள வேண்டும் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: ஆரல்வாய்மொழி, நாஞ்சில் நாடு, டிஜிட்டல் ஆர்கன், ஆர்மோனியம், கட்டை, கீர்த்தனை, சுருதி, கருவி ஆவணம்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இசை பற்றிய ஆய்வுகள் பெரிதும் பாடல்களையும் பாடலாசிரியர்களையும் மையமிட்டவை. வேதநாயக சாஸ்திரியார் முதலானோரின் கீர்த்தனைகள், அவற்றின் இராகம், தாளம், யாப்பு ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அப்பாடல்களோடு ஒலித்த கருவிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கருவியைப் பேசும் இடங்களிலும் இருவகைப் பார்வைகளே மேலோங்குகின்றன. ஆர்கனும் ஆர்மோனியமும் மேனாட்டு ஆதிக்கத்தின் அடையாளங்கள், அவை தமிழிசையின் நுண்சுரங்களைச் சிதைத்தன என்பது ஒன்று. ஆர்கனே வழிபாட்டின் கண்ணியம், அது மறைந்து கீபோர்டு வந்தது வீழ்ச்சி என்பது மற்றொன்று. இரண்டும் கருவியை மாறாத ஒரு பொருளாகக் கொள்கின்றன. கருவி கைமாறியது, இடம்மாறியது, வாசிப்போரின் உடல்நிலைக்கும் பாடுவோரின் குரலுக்கும் ஏற்பத் தன்னையும் மாற்றிக்கொண்டது என்பதை அவை கணக்கில் கொள்வதில்லை.

இக்கட்டுரை மூன்றாவது வழியொன்றை மேற்கொள்கிறது. பயன்படுத்திய டிஜிட்டல் ஆர்கன் ஒன்றைக் குமரி மாவட்டத்து வீட்டில் நிறுவும்போது எழும் நடைமுறைக் கேள்விகள் சில உண்டு. எங்கே வைப்பது, எந்த மின்னழுத்தம், எந்தச் சுருதி, யார் வாசிப்பது என்பன அவை. இவை ஒவ்வொன்றுக்கும் இப்பகுதியில் நீண்ட முன்வரலாறு உண்டு. அக்கேள்விகளின் வழியே பின்னோக்கிச் சென்றால், ஆலயத்தின் ஒலி இல்லத்திற்கு வருவது இப்பகுதிக்குப் புதிதன்று என்பது புலப்படும்.

ஆரல்வாய்மொழியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நாஞ்சில் நாட்டைத் திருநெல்வேலிச் சீமையோடு இணைக்கும் கணவாய் இது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படைகளுக்கு எதிராக ஆங்கிலேயப் படை கைப்பற்றிய கோட்டை வரிசை இங்கேதான் இருந்தது. இவ்வூரையடுத்த காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. சீர்திருத்தத் திருச்சபை தென்திருவிதாங்கூருக்குள் நுழைந்ததும் இக்கணவாய் வழியாகவே. ஆக, கிறித்தவத்தின் இருபெரும் மரபுகளும் சந்திக்கும் வாயில் இது.

1. வீடு ஆலயமாக இருந்த காலம்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரம் நோக்கிப் பயணம் மேற்கொண்டு, தஞ்சாவூரில் லுத்தரன் சபையைக் கண்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். அவருடைய உறவினரும் அயலாரும் கூடி ஜெபித்ததே தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபையின் தொடக்கம். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடிக்கு வந்தபோது, அவர் ஒரு சபையை வெறுமையிலிருந்து உருவாக்கவில்லை. ஏற்கெனவே கூடிவந்த ஒரு குழுவை அடைந்தார். 1809இல்தான் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வழிபாட்டின் இடம் வீடே.

இந்தக் கால வரிசை இசை வரலாற்றுக்கு முக்கியமானது. ஆலயக் கட்டடமும் அதற்கென ஒரு கருவியும் அமைவதற்கு முன்னரே பாட்டு இருந்தது. அது மனிதக் குரலை மட்டுமே நம்பியிருந்தது. லண்டன் மிஷனரி சங்கம் சார்ந்திருந்த ஆங்கிலேயச் சுயாதீனச் சபைகளிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்கன் பொதுவழக்கமாக இருக்கவில்லை. முன்னோடி ஒருவர் பாட, சபையார் தொடர்ந்து பாடுவதே அங்குப் பல இடங்களில் நிலவிய முறை. ஆகவே மிஷனரிகள் வந்த நாளிலேயே ஆர்கனும் வந்தது என்ற பொதுநம்பிக்கை பொருந்தாது. ஆர்கன் அவர்கள் தாய்ச்சபைகளுக்கே பின்னர் வந்து சேர்ந்த கருவி.

பாடல் வகையிலும் இரு ஓடைகள் இருந்தன. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியப் பாடல்கள் அவற்றின் மூல மெட்டுக்குப் பொருந்தத் தமிழாக்கப்பட்டன. இவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. மற்றொன்று கீர்த்தனை. திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இம்மரபின் தலையாய கவிஞர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்ட பின்னர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்புடைய பாடல்கள் பொதுவழிபாட்டில் நிலைபெற்றன. நாஞ்சில் நாட்டில் மயிலாடியைச் சேர்ந்த ஜான் பால்மர் கீர்த்தனைகளோடு ‘கிறிஸ்தாயனம்’ என்னும் காப்பியத்தையும் இயற்றினார். ஞானப்பாட்டு நான்கு குரல் இசைவை நாடுவது; கீர்த்தனை ஒற்றைக் குரல் நெறியில் கமகங்களோடு நடப்பது. இவ்விரண்டுக்கும் ஒரே கருவி துணைநிற்க வேண்டியிருந்தது என்பதே பின்வரும் வரலாற்றின் முடிச்சு.

2. குழாயும் நாக்கும்

ஆர்கன் என்னும் கருவியின் மூலவடிவம் குழாய் ஆர்கன். துருத்தியால் அழுத்தப்பட்ட காற்று ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய குழாயில் புகுந்து ஒலிக்கிறது. எட்டடி வரிசை எனப்படும் அடிப்படை வரிசையில் மிகத் தாழ்ந்த சுரத்தைத் தரும் திறந்த குழாயின் நீளம் ஏறத்தாழ எட்டு அடி. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் வரிசை பதினாறு அடி. இத்தகைய கருவி கட்டடத்தின் ஒரு பகுதியாகவே அமையும். சென்னையில் புனித ஜார்ஜ் பேராலயம், புனித அந்திரேயா ஆலயம் போன்ற பெருநகர ஆலயங்கள் குழாய் ஆர்கனைப் பெற்றமைக்கு, அவற்றின் பின்னணியில் இருந்த ஐரோப்பியக் குடியிருப்பும் பொருள்வளமும் காரணங்கள்.

தென்கோடிச் சபைகளுக்கு விலை மட்டுமன்றித் தட்பவெப்பமும் தடையாக நின்றது. குழாயில் ஒலிக்கும் சுரம் காற்றின் வெப்பத்தைச் சார்ந்தது. வெப்பநிலை ஒரு செல்சியசு கூடினால் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் உயரும். அரைச்சுரம் என்பது நூறு சென்ட். அதிகாலை ஆராதனைக்கும் நண்பகல் ஆராதனைக்கும் இடையில் பத்து செல்சியசு வேறுபட்டால் சுருதி முப்பது சென்ட் நகர்ந்திருக்கும். மரத்தாலான காற்றுப்பெட்டிகள் ஈரத்தில் உப்பும். தோல் வால்வுகள் கெடும். கறையானும் எலியும் எஞ்சியதை முடித்துவைக்கும். இரு பருவமழைகளும் பெறும் குமரி மாவட்டத்தில் இவற்றைச் சீர்செய்யும் தொழில்வல்லுநர் அருகில் இருந்தாலன்றிக் குழாய் ஆர்கன் நிலைக்காது.

இந்த இடைவெளியை நிரப்பியது நாக்கு வகைக் கருவி. மெல்லிய பித்தளை நாக்கு காற்றால் அதிர்ந்து ஒலிக்கும் இம்முறையில் பாரிசைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபேன் 1842இல் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பிய ஆர்மோனியம் காற்றை வெளித்தள்ளி நாக்கை அதிரச்செய்வது. பின்னர் அமெரிக்காவில் பெருகிய நாக்கு ஆர்கன் காற்றை உள்ளிழுத்து ஒலிப்பது. இரண்டும் காலால் மிதிக்கப்படுபவை. இவற்றின் சுருதி வெப்பத்தால் பெரிதும் மாறுவதில்லை, எடை குறைவு, மாட்டுவண்டியிலும் செல்லும். பெட்டிபோல் மடித்துத் தூக்கிச் செல்லத்தக்க வகைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்டு ஊழியப் பயணங்களுக்கு விற்கப்பட்டன. ஆர்கன் பரவலாகக் கட்டடத்தை விட்டு நகரத் தொடங்கியது இக்கட்டத்தில்தான். மேனாட்டு நடுத்தர வீடுகளின் வரவேற்பறைகளில் நாக்கு ஆர்கன் இடம்பிடித்ததும் இதே காலத்தில்தான். ஆலயக்கருவி இல்லக்கருவியாதல் என்பது டிஜிட்டல் காலத்தின் புதுமை அன்று என்பதற்கு இது முதற்சான்று.

3. கைத்துருத்தியும் ‘கட்டை’ என்னும் சொல்லும்

கால்மிதி ஆர்மோனியத்திற்கு நாற்காலி வேண்டும். தரையில் அமர்ந்து பாடும் மரபுக்கு அது பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் நிறுவிய துவார்கின் நிறுவனத்தோடு தொடர்புபடுத்தப்படும் கைத்துருத்தி ஆர்மோனியம் இச்சிக்கலைத் தீர்த்தது. துருத்தி கருவியின் பின்புறத்திற்கு மாறியது. ஒரு கை துருத்தியை இயக்க, மறுகை சுரங்களை வாசித்தது.

இம்மாற்றத்தின் இசை விளைவு ஆழமானது. இரு கைகளாலும் நான்கு குரல் இசைவை வாசித்த இடத்தில் ஒரு கை மட்டும் எஞ்சியது. ஆகவே கருவி இசைவை விட்டு இராக நெறியைப் பின்தொடரும் துணைக்கருவியாயிற்று. கீர்த்தனைக்கு இது பொருந்தியது. ஞானப்பாட்டு தன் அடுக்குக் குரல்களை இழந்தது. ஆலயத்தில் மட்டுமன்றி நாடக மேடையிலும், பஜனை மடத்திலும், வீட்டிலும் ஆர்மோனியம் பரவியமைக்கு இந்த உடல்நிலை மாற்றமே அடிப்படை எனலாம்.

இக்கருவி தமிழிசையின் சொல்லாட்சியில் பதித்த தடம் குறிப்பிடத்தக்கது. பாடகரின் ஆதாரசுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஒன்றரைக் கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ எனக் குறிக்கும் வழக்கு இன்றும் கருநாடக இசையுலகில் நிலவுகிறது. கட்டை என்பது விரலால் அழுத்தப்படும் மரத்துண்டு. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்படுகின்றன. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை எனப்படுகின்றன. இவ்வரிசையில் மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் இல்லை. மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் இடையிலும், ஏழாம் கட்டைக்கும் அடுத்த ஸ்தாயியின் முதற்கட்டைக்கும் இடையிலும் கறுப்புக் கட்டை இல்லாமையே காரணம். இச்சொல்வழக்கு கட்டை வரிசையைக் கண்ணால் கண்டு எழுந்தது என்பதற்கு இதைவிட வலுவான அகச்சான்று வேண்டியதில்லை. உரத்த குரலைக் கேலிசெய்ய ‘எட்டுக் கட்டையில் கத்துகிறான்’ என்னும் பேச்சுவழக்கு, இச்சொல் இசையரங்குக்கு வெளியேயும் சென்றதைக் காட்டுகிறது.

கருவியும் மரபுக்கு இணங்கியது. ஆதாரசட்சம் பாடுபவரின் குரலுக்கேற்ப மாறுவது தமிழிசை நெறி. கட்டை வரிசையிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் இடம் நிலையானது. கட்டை வரிசையை நகர்த்திச் சுருதியை மாற்றும் ‘ஸ்கேல் சேஞ்சர்’ ஆர்மோனியம் இம்முரணுக்கு இந்தியக் கைவினைஞர் தந்த விடை. கிறித்தவப் பாடற்பயிற்சியிலும் இதற்கு இணையான ஒரு நெறி இருந்தது. ஜான் கர்வென் (1816–1880) பரப்பிய டானிக் சொல்ஃபா முறையில் ‘டோ’ என்பது நிலையான சுரம் அன்று. பாடலின் ஆதாரசுரமே டோ. நமது ‘ச’வும் அத்தகையதே. கர்வென் சுயாதீனச் சபையின் போதகர் என்பது, லண்டன் மிஷனரி சங்கப் பகுதிகளுக்கு அம்முறை சென்றடைந்ததை விளங்கிக்கொள்ள உதவும். குரல் நெறி இரு மரபுகளிலும் நகரும் ஆதாரத்தைக் கொண்டிருக்க, கருவி மட்டுமே நிலைத்து நின்றது.

4. எதிர்ப்பின் தருக்கம்

ஆர்மோனியத்திற்கு எழுந்த எதிர்ப்பு கடுமையானது. பாரதியார் ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையில் அக்கருவியைச் சாடினார். அகில இந்திய வானொலியோடு தொடர்புடைய ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் அதற்கு எதிராக எழுதினார். 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியம் தடைசெய்யப்பட்டது; அத்தடை 1971இல்தான் தளர்த்தப்பட்டது. கமகத்தைத் தரவியலாது, சமப்படுத்திய பன்னிரு சுரங்கள் இந்திய இசையின் நுண்சுருதிகளுக்குப் பொருந்தா என்பன எதிர்ப்பின் அடிப்படைகள்.

இங்கு ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) நிலைப்பாடு தனித்துப் பார்க்கத்தக்கது. 1917இல் வெளியான ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் அவர், ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதிகளாகப் பகுக்கும் கொள்கையை மறுத்தார். ஆயப்பாலையில் பன்னிரண்டும் வட்டப்பாலையில் இருபத்து நான்குமாகச் சமவிகிதத்தில் பகுப்பதே பழந்தமிழர் முறை என்று கணித வழியில் நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் அவருடைய மகள்கள் வீணையில் வாசித்துக் காட்டி இக்கொள்கைக்குத் துணைநின்றனர்.

பண்டிதரின் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அதன் வரலாற்றுப் பொருள் வேறு. மேனாட்டுக் கட்டைக் கருவிகளின் அடிப்படையாகிய சமப்பகுப்பை அந்நியமானது என்று ஒதுக்காமல், அதனைத் தமிழிசையின் தொன்மையோடு இணைத்துக் காண முற்பட்ட தமிழ்க் கிறித்தவர் ஒருவரின் அறிவு முயற்சி அது. கட்டைக் கருவிகள் தமிழிசையைச் சிதைத்தன என்னும் ஒற்றைத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய இது ஒன்றே போதுமானது. அதேவேளை, எதிர்ப்பாளர் கூறிய கமகக் குறைபாடு மெய்யானது. சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் குரலைக் கட்டை வரிசை பின்தொடர இயலாது. ஆர்மோனியம் வாசிப்போர் இதனை விரைவான அணிச்சுரங்களால் ஈடுசெய்தனர்; நீக்கிவிடவில்லை.

5. மின்னும் எண்ணும்

காற்று இல்லாத ஆர்கன் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் ஆர்கனில், சுழலும் பற்சக்கரங்கள் காந்தச் சுருளின் அருகே மின்னலைகளை உண்டாக்கின. குழாய் ஆர்கன் வாங்க இயலாத ஆலயங்களே அதனை முதலில் நாடின. அடுத்த பெருமாற்றம் 1971. ஆலன் ஆர்கன் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட ஆர்கன், குழாயின் அலைவடிவத்தை எண்களாகச் சில்லில் தேக்கி மீண்டும் ஒலிக்கச் செய்தது. பொதுவிற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் இசைக்கருவியாக அதுவே பொதுவாகக் கருதப்படுகிறது. விண்வெளித் துறைக்கெனச் சில்லுத் தொழில்நுட்பத்தை வளர்த்த நார்த் அமெரிக்கன் ராக்வெல் நிறுவனத்தோடு இணைந்து அது உருவாக்கப்பட்டது. குறுந்தகடு சந்தைக்கு வருவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்னரே ஆலயத்தில் டிஜிட்டல் ஒலி கேட்டது என்பது கருதத்தக்கது.

திருச்சபை விதிகளும் இம்மாற்றங்களோடு நகர்ந்தன. 1903இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ஆவணம் ஆலயத்தில் ஆர்கனை ஏற்று, பியானோவைத் தடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம், இலத்தீன் திருச்சபையில் குழாய் ஆர்கனுக்குரிய உயர்மதிப்பை வலியுறுத்தியதோடு, அந்தந்தப் பகுதியின் அதிகாரிகள் ஒப்புதலுடன் பிற கருவிகளுக்கும் இடமளித்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது, ஆங்கிலிக்கன் மரபின் ஆர்கன் வழக்கும் சுயாதீனச் சபைகளின் எளிய வழக்கும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

1980களுக்குப் பின் கையடக்கமான ஜப்பானியக் கீபோர்டுகள் பரவின. ‘கேசியோ’ என்னும் நிறுவனப் பெயர் ஊர்ப்புறங்களில் அவ்வகைக் கருவி அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. இக்கருவி தாளத்தையும் தானே தரும். ஆர்கன் ஒலியும் அதன் நூற்றுக்கணக்கான ஒலிகளுள் ஒன்று. முழுமையான டிஜிட்டல் ஆர்கன் இதிலிருந்து வேறானது. அதற்குக் கைகளுக்கு இரண்டு அல்லது மூன்று கட்டை வரிசைகள், கால்களுக்கு முப்பது அல்லது முப்பத்திரண்டு மிதிகட்டைகள், ஒலிவகைகளைத் தெரிவுசெய்யும் ஸ்டாப்புகள் உண்டு. அந்த ஸ்டாப்புகளின்மேல் இன்றும் எட்டு அடி, பதினாறு அடி என்றே எழுதப்பட்டுள்ளது. குழாய் மறைந்த பின்னும் குழாயின் நீளம் பெயராக எஞ்சி நிற்கிறது.

6. இல்லத்தில் நிறுவுதல்: நடைமுறையும் பொருளும்

மேலைநாடுகளில் ஆலயங்கள் மூடப்படுவதாலும், சபைகள் இணைவதாலும், வழிபாட்டிசை மாறுவதாலும் பயன்படுத்திய டிஜிட்டல் ஆர்கன்கள் விலைகுறைந்து கைமாறுகின்றன. அத்தகைய கருவியை ஆரல்வாய்மொழி போன்ற ஊரின் வீட்டில் நிறுவ முற்படுபவர் எதிர்கொள்ளும் சிக்கல்களை மேற்கண்ட வரலாற்றின் ஒளியில் வகைப்படுத்தலாம்.

முதலாவது இடம். மிதிகட்டைகளும் பெஞ்சும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவி, வாசலையும் படிக்கட்டையும் கடந்தாக வேண்டும். அடித்தளமும் மிதிகட்டைத் தொகுதியும் பெரும்பாலும் தனித்தனியே கழற்றத்தக்கவை. கடற்காற்றும் கணவாய்க்காற்றும் கொண்டுவரும் ஈரமும் தூசியும் கட்டைகளுக்கு அடியிலுள்ள மின்தொடர்புகளை மங்கச் செய்யும். எனவே சன்னலுக்கு நேரெதிர் வைப்பதும், ஈரச்சுவரோடு ஒட்டி வைப்பதும் தவிர்க்கத்தக்கவை. கம்பளித் துணியையும் கம்பியையும் கடிக்கும் எலி குழாய் ஆர்கனுக்கு எதிரியாக இருந்ததுபோலவே இதற்கும் எதிரி.

இரண்டாவது மின்சாரம். இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அமெரிக்கக் கருவியை நேரடியாக இணைத்தால் அது எரிந்துபோகும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதிர்வெண் வேறுபாடு தரும் பாடம் மேலும் நுட்பமானது. பழைய ஹேமண்ட் ஆர்கனின் சக்கரங்கள் மின்னோட்ட அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழல்வன. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்ட கருவியை 50 ஹெர்ட்ஸில் இயக்கினால் ஒலி ஆறில் ஐந்து பங்காகக் குறையும். அதாவது ஏறத்தாழ மூன்று அரைச்சுரங்கள் இறங்கும். ஒரு கட்டையை அழுத்தினால் கீழ் ஸ்தாயியின் ஆறு கட்டை ஒலிக்கும். டிஜிட்டல் ஆர்கனின் சுருதியைப் படிக அலையாக்கி நிர்ணயிப்பதால் அதற்கு இச்சிக்கல் இல்லை. ஆயினும் ஏற்ற இறக்கமுள்ள மின்சாரத்திற்கு ஸ்டெபிலைசரும் முறையான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. நெடுநாள் இயங்காதிருந்த கருவியில் மின்வழங்கிப் பகுதியின் கெப்பாசிட்டர்களை இயக்குமுன் சோதிப்பதும், நினைவகத்தைக் காக்கும் மின்கலத்தை மாற்றுவதும் வேண்டும். காற்றால் இயங்கிய கருவி காற்றை முற்றிலும் துறந்து, முப்பந்தல் காற்றாலைகள் சூழ்ந்த ஊரில் மின்சாரத்தால் ஒலிப்பதை வரலாற்றின் ஒரு முரண்சுவையாகக் குறிப்பிடலாம்.

மூன்றாவது ஒலிவெளி. கற்சுவரும் உயர்ந்த கூரையும் உடைய ஆலயத்தில் எழுந்த ஒலி சில விநாடிகள் தங்கி அடங்கும். வீட்டு அறையில் அது ஒரு விநாடிக்குள் மறையும். ஆர்கன் வாசிப்பு முறையே அந்த எதிரொலியை நம்பி வளர்ந்தது. ஆகவே வீட்டில் கேட்கும் ஆர்கன் வறண்டு ஒலிக்கும். டிஜிட்டல் கருவிகள் செயற்கை எதிரொலியைச் சேர்த்து இக்குறையை ஈடுசெய்கின்றன. ஒலிபெருக்கியைச் செவிக்கு நேரே வைக்காமல் சுவரையோ கூரையையோ நோக்கித் திருப்பி வைப்பதும் உதவும். அக்கம்பக்கத்தாருக்கு இடையூறின்றிக் காதணி ஒலிப்பானில் பயிலும் வசதி, ஆலயக்கருவி ஒருபோதும் அறியாத தனிமையை வாசிப்பவருக்குத் தருகிறது. சபை முழுமைக்குமாக ஒலித்த கருவி ஒருவர் மட்டும் கேட்கும் கருவியாவது இவ்வரலாற்றில் முற்றிலும் புதிய கூறு.

நான்காவது சுருதி. பெரும்பாலான டிஜிட்டல் ஆர்கன்களில் சுருதி மாற்றும் அமைப்பு உண்டு. மேனாட்டு வாசிப்பாளருக்கு அது துணைவசதி. தமிழ் வாசிப்பாளருக்கோ அது மையத்தேவை. குடும்ப ஜெபத்தில் பாட்டி ஒரு சுருதியிலும் பேரப்பிள்ளைகள் வேறொரு சுருதியிலும் கீர்த்தனையைத் தொடங்குவர். வாசிப்பவர் தாம் பழகிய கட்டைகளிலேயே விரலை வைத்து, திருகியைத் திருப்பிக் குரலோடு இணைகிறார். ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் மரத்தால் தந்த விடையை இது எண்ணால் தருகிறது. சில கருவிகளில் சமப்பகுப்பு அல்லாத பிற சுருதிப் பகுப்புகளையும் தெரிவுசெய்யலாம். பண்டிதரும் அவருடைய எதிரணியினரும் ஏட்டில் நடத்திய விவாதத்தின் ஒரு பகுதியை வீட்டிலேயே செவியால் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இது. கமகம் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது.

ஐந்தாவது வாசிப்பவரின் உடல். கைத்துருத்தி ஆர்மோனியத்தில் பயின்றவருக்கு இடக்கை சுரத்திற்குப் புதிது; கால்களோ முற்றிலும் புதிது. துருத்திக்காகப் பறிபோன கை திரும்பக் கிடைக்கிறது. அதனோடு ஞானப்பாட்டின் கீழ்க்குரல்களும் திரும்புகின்றன. ஆனால் கீர்த்தனைக்கு அடுக்கிசைவு எங்கே பொருந்தும், எங்கே இராகத்தைக் கெடுக்கும் என்னும் பழைய கேள்வியும் உடன் திரும்புகிறது. வாசிப்பவர் ஒவ்வொரு பாடலிலும் இதற்கு விடை காண வேண்டியிருக்கிறது.

7. கருவியே ஆவணம்

பழைய டிஜிட்டல் ஆர்கனின் ஒலி நினைவகச் சில்லுகளில் உள்ளது. அவை பழுதுபட்டால், உற்பத்தி நின்றுபோன கருவிக்கு மாற்று கிடைப்பது அரிது. 1983இல் அறிமுகமான மிடி இணைப்பு உள்ள கருவியாயின், கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கணினியில் கிராண்ட்ஆர்க் போன்ற இலவச மென்பொருள் வழியே வேறொரு ஆர்கனின் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்யலாம். கருவியின் உடல் தப்பும்; அதன் குரல் மாறிவிடும். பித்தளை நாக்கைக் கொல்லன் சீர்செய்ய முடிந்த காலத்தோடு ஒப்பிடுகையில், டிஜிட்டல் கருவி நீண்ட ஆயுள் உடையது என்று கொள்ளவியலாது.

ஆகவே கருவி கைமாறும் நாளே அதனைப் பதிவுசெய்ய ஏற்ற நாள். உற்பத்தியாளர் தகடு, வரிசை எண், மின்னழுத்தக் குறிப்பு, ஸ்டாப்புகளின் பட்டியல், முந்தைய ஆலயத்தில் ஒட்டப்பட்ட நன்கொடைத் தகடு, கட்டைகளின் தேய்மானம், வாசிப்பவர் எழுதிவைத்த சுருதிக் குறிப்புகள் ஆகியன ஆய்வுக்குரிய தரவுகள். தேய்மானம் குறிப்பாகப் பேசும். எந்தக் கட்டைகள் மிகுதியும் தேய்ந்துள்ளன என்பது, அக்கருவியில் எந்தச் சுருதியில் பாடினர் என்பதைச் சொல்லும். இதே முறையைச் சேகரத்து ஆலயங்களின் மூலைகளில் கிடக்கும் கால்மிதி ஆர்மோனியங்களுக்கும் விரிக்க வேண்டும். சபைக் கூட்டக் குறிப்பேடுகளிலும் கணக்கேடுகளிலும் கருவி வாங்கியது, பழுதுபார்த்தது, விற்றது பற்றிய பதிவுகளைத் தொகுத்து இவற்றோடு ஒப்பிடின், பாடல் நூல்கள் மட்டும் தரவியலாத வரலாறு ஒன்று எழும். பழைய கருவி பழைய இரும்புக் கடைக்குப் போன பின் இவ்வாய்ப்பு மீளாது.

முடிவுரை

தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபை வீட்டில் தொடங்கியது. பாட்டு கருவிக்கு முந்தியது. ஆர்கன் பின்னர் வந்தது. வந்த ஒவ்வொரு வடிவமும் இங்கிருந்த குரலுக்கும் தரையில் அமரும் உடலுக்கும் தட்பவெப்பத்திற்கும் இணங்க மாற்றப்பட்டது. நிலையான சுருதிக்கும் நகரும் ஆதாரத்திற்கும் இடையிலான முரணே இம்மாற்றங்களை இயக்கியது. ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியமும் டிஜிட்டல் சுருதிமாற்றியும் அம்முரணுக்கான அடுத்தடுத்த விடைகள். அதே வேளையில் ‘கட்டை’ என்னும் சொல் வழியாகக் கருவியும் தமிழிசையின் பேச்சை மாற்றியது. ஆதிக்கம், வீழ்ச்சி என்னும் இரு சட்டகங்களும் இந்த இருவழி உறவைக் காட்டத் தவறுகின்றன.

பயன்படுத்திய டிஜிட்டல் ஆர்கன் ஆரல்வாய்மொழி வீடொன்றில் ஒலிக்கும்போது, ஆலயத்தின் ஒலி அது முதலில் பிறந்த வகை இடத்திற்கே திரும்புகிறது. அத்திரும்புதலைச் செவியால் கேட்பதோடு ஏட்டிலும் பதிவுசெய்வது இசை வரலாற்று ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.